கேட்டைத் தாண்டிய தீப்பெட்டி

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் பெத்தணன். பக்கத்து வீட்டுக்காரன். என் இடது கால் செருப்பைத் திருடியவன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்று தடவையும் இடது கால்தான். ஒற்றைச் செருப்பைத் திருடி ஒருத்தனுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். லாபத்துக்குத் திருடுகிறவனை மன்னித்துவிடலாம். பெத்தணன் நான் நொண்ட வேண்டும் என்றே திருடினான்.

நான் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கேட் காவல். பெயர் ஊர்க்காவலன். பெயரில் ஊரைக் கொடுத்தார்கள், வேலையில் ஒரு கேட்டைத்தான் கொடுத்தார்கள். பீடி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் என்னைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. ஆண்களின் பையைத் தடவிப் பார்ப்பேன். பெண்களின் கூடையைத் திறந்து பார்ப்பேன். உராய்ந்தால் ஆபத்து என்பதால் செருப்பையும் கேட்டிலேயே கழற்றிவிட வேண்டும். அம்புட்டுச் செருப்புக்கும் காவல் இருக்கிறவன் ஒற்றைச் செருப்போடு வேலைக்கு வந்தால் எவன் மதிப்பான்?

என் பெண்டாட்டி அய்யம்மாள் அதே கம்பெனியில் திரி வெட்டுகிறாள். மகள் பாண்டிச்செல்வி வெடிமருந்து செலுத்தும் அறையில் இருக்கிறாள்.

மூன்றாவது செருப்பு போன அன்று வீட்டில் குதித்தேன்.

"பெத்தணன இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாக்கப்போறேன்."

"இந்தா இருக்கு உங்க செருப்பு. ஓடைப் பாலத்துல கெடந்துச்சு. நாந்தான் எடுத்துட்டு வந்தேன்."

"திருடிக் கொண்டுபோய் அங்கன போட்டிருக்கான்."

"நடந்துக்கிட்டு இருக்கிற ஆளு கால்லருந்து எப்படிக் கழட்டுனான்?"

"அதாம்ளா அவன் தெறமை!"

அய்யம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "சுகர் முத்துனா காலு மரத்துப்போகும், செருப்பு கழண்டு விழுறது தெரியாதுன்னு நர்ஸம்மா சொல்றாக. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"மரத்துப்போகல. உரமேறிப்போச்சு."

சுகருக்கு நான் வைத்தியம் பார்க்காமல் இல்லை. மாத்திரை தின்றால் சுகர் இறங்கி மயக்கம் வரும் என்று சொல்கிறார்களே. அதனால் மாத்திரை தின்கிற அன்று ரெண்டு கருப்பட்டி மிட்டாயும் சேர்த்துத் தின்பேன். மாத்திரை தின்னாத அன்றும் மிட்டாயை நிறுத்தவில்லை. பழக்கம் விட்டுப்போகக் கூடாது.

மறுநாள் ஒரு பெரிய முடிவு எடுத்தேன். பேக்கிங் கட்டுகிற சணலை எடுத்து ரெண்டு செருப்பையும் காலோடு சேர்த்துக் கட்டினேன். இனி திருடுகிறவன் காலோடுதான் திருட வேண்டும். இறுக்கிக் கட்டினேன். இன்னும் இறுக்கினேன். கொஞ்சமும் வலிக்கவில்லை. இந்த வீட்டில் என் கால் ஒன்றாவது என் கட்சி என்று சந்தோஷப்பட்டேன்.

அன்று முழுக்கச் செருப்பு போகவில்லை. பெத்தணன் கேட்டுக்கு வெளியே ரோட்டில் சைக்கிளில் போனான்.

"ஏலே, இப்ப எடுத்துப் பாருலே!"

"எத மாமா?"

என்ன நடிப்பு! அவனை ஜெயித்த மிதப்பில் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து, சணலை அறுத்துச் செருப்பை எறிந்துவிட்டு, சொம்புத் தண்ணீரைத் தேடி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன். தரையெல்லாம் திட்டுத் திட்டாகக் கறை.

"ஏளா, வீடு பூராம் வெத்தலை எச்சியாத் துப்பி வச்சிருக்க?"

அய்யம்மாள் கிட்ட வந்தாள். குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"யாரும் துப்பல. இது நீங்க நடந்து வந்தது."

சணல் சுண்டுவிரலின் அடிச்சதை வரைக்கும் இறங்கியிருந்தது. எனக்கு வலியும் தெரியவில்லை, ரத்தமும் தெரியவில்லை. காலும் கண்ணும் அய்யம்மாளோடு கூட்டுச் சேர்ந்து என்னைக் கவிழ்த்துவிட்டன.

விருதுநகரில் ஒரு டாக்டர். பொடியன். கையில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை வைத்திருந்தான்.

"கண்ண மூடிக்கங்க பெரியவரே. பாதத்துல தொடும்போது சொல்லுங்க."

மூடினேன். காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன்.

"எப்பய்யா தொடுவீக?"

"பத்து எடத்துல தொட்டாச்சு."

அய்யம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தூரத்தில் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

விரல் அழுகிவிட்டது என்று எடுத்துவிட்டார்கள். அதற்கும் வலிக்கவில்லை. ஐம்பத்தெட்டு வருஷம் கூடவே நடந்த விரல், போகும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் போனது. அதன் மேலும் எனக்கு வருத்தம் உண்டு.

"காலு நரம்பு இம்புட்டுக் கெட்டிருந்தா கண்ணுக்குள்ளயும் ரத்தம் கசியும். கண்ணாஸ்பத்திரில காட்டுங்க. லேசர் வச்சா இருக்கிற பார்வையவாவது காப்பாத்தலாம். போனது வராது" என்றான் டாக்டர்.

"எங்கண்ணு கழுகுக் கண்ணு" என்றேன்.

கண்ணுக்குள் கருப்பு நூல் நூலாக மிதந்தது உண்மைதான். அது பெத்தணன் வீட்டு அடுப்புக் கரி. ஆனால் கண் டாக்டர் ஒரு வார்த்தை சொல்லி, அது போர்மேன் சீனிச்சாமி காதுக்குப் போனால் என் கேட் போய்விடும். சுகரில் இருந்து போர்மேன் வரைக்கும் எனக்கு எதிரி எல்லாம் சீனிதான். கேட் போனால் நான் யார்? விரல் போனவனை நொண்டி என்பார்கள். கேட்டும் போனவனை ஒன்றும் சொல்லமாட்டார்கள். கூப்பிடவே மாட்டார்கள்.

கட்டுப் பிரித்ததும் வேலைக்கு ஓடிவிட்டேன். தீபாவளி சீசன். லோடு மேல் லோடு. அய்யம்மாளும் கண் பேச்சையே எடுக்கவில்லை. அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். ஒருநாள் சாயங்காலம் என் உள்ளங்கையில் எதையோ வைத்தாள்.

"இது என்னன்னு சொல்லுங்க."

தடவினேன். "தீப்பெட்டி."

"காலைல இதத்தான் கூடையில சோத்துச் சட்டிக்கு மேலாப்புல வச்சுக் கொண்டாந்தேன். உங்க மூக்குக்கு நேராத் தூக்கிப் பிடிச்சேன். 'ம், போ' ன்னீக."

"பொய்!"

"கூடையத் தொறந்து, 'இன்னைக்குப் புளிக்கொளம்பா'ன்னு கேட்டீகளா இல்லையா?"

கேட்டிருந்தேன். வாசனை பிடித்துத்தான்.

"அடிப் பாவி! கம்பெனிக்குள்ள தீப்பெட்டியா? அம்புட்டுப் பேரு உசிரு!"

"காலிப் பெட்டி. குச்சியில்ல. உள்ள போகாம செருப்புக் குவியல்லயே போட்டுட்டுத்தான் போனேன். எனக்கு இருக்கிற பயம் உங்களுக்கு இல்லையே."

"பெண்டாட்டியாச்சேன்னு விட்டிருப்பேன்."

"சரி. நாளைக்கு எவனாவது குச்சியோட கொண்டாருவான். அவன் என்ன உறவுன்னு விடுவீக?" தீப்பெட்டியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "மருந்து ரூம்ல நம்ம புள்ள இருக்கா."

பாண்டிச்செல்வி அப்போது கைகழுவிக்கொண்டிருந்தாள். எவ்வளவு கழுவினாலும் அந்தக் கையில் ஒட்டிய வெள்ளி நிற மருந்துப் பொடி போகாது. எனக்கு அது கூடத் தெரியவில்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. சோற்றைத் தள்ளி வைத்துவிட்டேன்.

"கண்ணாஸ்பத்திரிக்கு வாரேன். ஆனா போர்மேன்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

"சொல்லல."

"சத்தியம் பண்ணு."

"நம்ம புள்ள மேல சத்தியமா, ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

நம்பினேன். மதுரையில் லேசர் வைத்தார்கள். தீபாவளிப் பட்டாசை எல்லாம் கண்ணுக்குள் கொளுத்திவிட்ட மாதிரி இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கம்பெனிக்குப் போனால், கேட்டில் சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு உருவம். கிட்டப் போனபிறகுதான் யாரென்று தெரிந்தது.

"ஏளா! புள்ள மேல சத்தியம் பண்ணுனியேளா!"

"நான் வாயத் தொறந்திருந்தா கேளுங்க. கேட்டுக்கு வெளிய இருக்கிற ஆபீசுல, போர்மேன் மேசையில அந்தத் தீப்பெட்டிய வச்சேன். கூடையக் காட்டுனேன். உங்க நாற்காலியக் காட்டுனேன். மத்ததெல்லாம் அவராப் பேசிக்கிட்டாரு."

"உன்னையல்லா வேலைய விட்டுத் தூக்கியிருக்கணும்!"

"'ஒளிக்கத் தெரிஞ்சவளுக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியும், நீயே உக்காரு'ன்னுட்டாரு. சம்பளமும் கூட."

சீனிச்சாமியிடம் போய்ச் சண்டை போட்டேன். "வேல எங்கயும் போகல அண்ணாச்சி. கண்ணு தெளிஞ்சிருச்சுன்னு அய்யம்மாக்கா சொல்லட்டும். அன்னைக்கே கேட்டு உங்களுக்கு" என்றான். நியாயத்தைப் பாருங்கள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் எனக்குப் பரீட்சை. நான் கட்டிலில் உட்காருவேன். அவள் எதிர்ச் சுவரோரம் நின்று விரலைக் காட்டுவாள். நேற்று எனக்குத் தெளிவாகவே தெரிந்தது.

"மூணு!" என்று கத்தினேன்.

"ரெண்டு" என்றாள். கையை மடக்கிக்கொண்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

என் கேட் எனக்கு இன்னும் வரவில்லை. அவள் காட்டியது மூன்று விரல்தான், எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். ஆனால் எனக்கு இருக்கிற ஒரே சாட்சி என் கண்.