மாநிறத்துக்கு எத்தனை கோட்டிங்?

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் இங்கே சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, அது அதன் வழக்கம். நீங்களும் பாப்பாவும் புது வீட்டில் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையில் ஃபோன் இருக்கும்போது இந்த மனுஷர் ஏன் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பீர்கள். உங்கள் ஃபோனுக்கு நான் எதை அனுப்பினாலும் உங்களுக்கு முன்னால் என் மகள் பாப்பா படித்துவிட்டு எனக்குப் பதிலும் போட்டுவிடுகிறாள். இது அவளுக்கு இப்போதைக்குத் தெரியக் கூடாத விஷயம். அதனால்தான் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். படித்துவிட்டு ஆபீஸ் மேஜையிலேயே வைத்துப் பூட்டிவிடுங்கள். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் அவ்வளவுதான், பையைத் துழாவுவதில் அவள் அப்படியே அம்மா.

முதல் காரியமாக என் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்ற வாரம் நீங்கள் ஃபோனில் "மாமா, உங்களுக்கு ஒரு டேப்லெட் அனுப்பியிருக்கேன்" என்றபோது, முழங்காலுக்குத்தான் மாத்திரை அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்து, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டேன். நீங்களும் பெருந்தன்மையாகச் சிரிக்காமல், "எப்ப வேணும்னாலும் மாமா" என்றீர்கள். முப்பத்துநாலு வருஷம் வண்டிப் பட்டறையில் பெயிண்ட் அடித்தவனுக்கு, கையில் ஸ்ப்ரே கன் இல்லாமல் போனதும் விரலெல்லாம் மரத்துப்போன மாதிரி இருந்தது. அப்போது அந்தக் கண்ணாடிப் பலகையும் பேனாவும் வந்து சேர்ந்தன. கூடவே மனித முகத்துக்கு நிறம் கொடுக்கச் சொல்லித்தரும் வீடியோ வகுப்பையும் நீங்களே போட்டு அனுப்பியிருந்தீர்கள். என் சொந்தப் பிள்ளை இருந்திருந்தால்கூட இப்படி யோசித்திருப்பானா தெரியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புது வீட்டு ஹாலில் மாட்ட அம்மா படம் ஒன்று வேண்டும் என்று பாப்பா கேட்டாள் அல்லவா, அதற்கு உங்கள் அத்தை, "என் மூஞ்சியை மாட்டி என்ன பண்ணப் போறா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள், இருநூறு படத்தில் உங்கள் அத்தை ஒன்றில்கூட முழுசாக இருக்கமாட்டாள். யாராவது உயரமானவர் பின்னால் ஒரு தோள் தெரியும், அதுதான் அவள். அவளுக்கென்று இருப்பது எங்கள் கல்யாணப் படம் ஒன்றுதான். அதில் என் பக்கத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரு பெண் நிற்கிறாள். பாப்பா சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்த ஆன்ட்டி யாரு?" என்று கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளை, இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அதற்குக் காரணம் நான்தான். அன்றைக்கு ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்து, "பொண்ணு கொஞ்சம் மாநிறமா இருக்காங்க, பிரிண்ட் போடறப்ப வெளுப்பா தூக்கிடவா சார்?" என்று கேட்டார், நான் தலையை ஆட்டினேன். அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து முப்பத்தொரு வருஷமாக அவள் கேமரா முன்னால் நிற்பதில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன். ஆகவே அவள் முகத்தை அவள் நிறத்திலேயே என் கையால் போட்டு, அவள் வாயால் "இது நான்தான்" என்று சொல்ல வைப்பது என்று முடிவு செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வெளுப்பா மட்டும் போட்டீங்க, அப்புறம் சாப்பாடு கிடையாது."

நிறம் பொருத்துவது எனக்கு என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். எந்த வண்டி எங்கே இடித்துக்கொண்டு வந்தாலும், பழைய பெயிண்டுக்கும் புதுப் பெயிண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் டச்சப் பண்ணிக் கொடுத்தவன் நான். அந்தத் திமிரில், பட்டறையிலிருந்து கொண்டு வந்த, பெயிண்ட் நிறமெல்லாம் வரிசையாக இருக்கும் ஷேடு கார்டை எடுத்து, அவள் பேப்பர் படித்தபடி கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் கன்னத்தோடு வைத்துப் பார்த்தேன். கண்ணைத் திறந்து, "என்ன, வண்டிக்குக் கலர் பாக்கறீங்களா?" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கிட்டத்தட்ட டெம்போ அடிப்பாகத்துக்கு அடிக்கிற பழுப்பு வருதும்மா" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தப் பழுப்பையே முகம் முழுக்க அடித்தேன். நிழலுக்குப் பட்டறையில் என்ன செய்வோம், எந்த நிறமானாலும் இரண்டு சொட்டுக் கறுப்பு விட்டுக் கலக்குவோம், அதையேதான் இங்கேயும் செய்தேன். மூக்குக்குக் கீழே கறுப்பு, தாடைக்குக் கீழே கறுப்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு. பட்டறையில் என் கூட ஒடுக்கெடுக்கிற வேலை பார்த்த டிங்கர் அன்றைக்கு வந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, தங்கச்சிக்கு மீசை வந்திருக்கு?" என்றான். உள்ளேயிருந்து பாத்திரம் ஒன்று தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டது. சரி, நிழல்தான் தப்பாகிவிட்டது, வெளிச்சத்தையாவது ஒழுங்காகக் கொடுப்போம் என்று வெள்ளையைக் கலந்து நெற்றியிலும் கன்னத்திலும் தடவினால், பவுடர் டப்பாவுக்குள் விழுந்து எழுந்த மாதிரி ஆகிவிட்டது. வெள்ளை, அதுவும் வெள்ளை! உடனே அழித்தேன். அப்புறம் விளிம்பு தெரியாமல் எல்லாவற்றையும் இழைத்துவிடலாம் என்று உப்புத்தாள் போடுகிற மாதிரி தேய் தேய் என்று தேய்த்ததில், முகம் பாதி கரைந்த சோப்பாகிவிட்டது. கடைசியில் கொஞ்சம் மினுமினுப்பு கொடுத்தேன். டிங்கர் மறுபடியும் வந்தான். "நெத்தி நல்லா வந்திருக்கு, புது வண்டி பானட் மாதிரியே" என்றான். அவனுக்கு அன்றைக்கு டீ கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நீங்கள் அனுப்பிய வகுப்பை ஒழுங்காகப் போட்டுக் கேட்க ஆரம்பித்தேன். காது கொஞ்சம் மந்தம் ஆனதால் சத்தமாக வைத்துத்தான் கேட்பேன். சமையலறை வரைக்கும் கேட்கும். அந்த டீச்சரம்மா நல்லா இருக்கணும். தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுகிறது, அதனால் முதலில் அடியில் சிவப்பு போடுங்கள் என்றார்கள். அட, இது தகரத்துக்கு முதலில் பூசுகிற நம்ம ரெட் ஆக்சைடு பிரைமர் ஆயிற்றே! இத்தனை வருஷம் வண்டிக்குச் செய்ததை மனுஷிக்குச் செய்யத் தெரியாமல் போயிற்றே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம், நிழல் என்றால் கறுப்பு இல்லை, நிழலுக்குள்ளும் நிறம் இருக்கிறது, வெளிச்சம் மஞ்சளாக விழுந்தால் நிழல் வேறு பக்கம் சாயும் என்றார்கள். நெற்றியில் கொஞ்சம் மஞ்சள், மூக்கு நுனியிலும் காது மடலிலும் சிவப்பு, தாடையோரம் லேசாகப் பச்சை போடுங்கள் என்றார்கள். அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. "பச்சையா? என் பொண்டாட்டிக்கா?" என்று வீடியோவைப் பார்த்தே கத்திவிட்டேன். அதெல்லாம் போட முடியாது என்று அந்தப் பாடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

இங்கேதான் உங்களுக்கு இரண்டாவது நன்றி. அந்தப் பலகையில் இருக்கிற பெயிண்ட் சாதாரணப் பெயிண்ட் இல்லை மாப்பிள்ளை. பத்து மணிக்கு உட்கார்ந்து சாப்பாட்டு நேரம் வரைக்கும் வேலை செய்வேன். சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது ஃபேனுக்கு அடியில் நாற்காலியில் பலகையைச் சாய்த்து வைத்து, "காயட்டும், யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவேன். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர், இருந்தாலும் பழக்கம். நாலு மணிக்கு எழுந்து வந்து பார்த்தால், காலையில் திட்டுத் திட்டாக விட்டுவிட்டுப் போனது அவ்வளவு அழகாகப் படிந்திருக்கும்! டிங்கர்கூட, "கண்ணாடியில என்னடா காயுது?" என்று கேலி செய்தான். வண்டிக் கண்ணாடியில் அடித்த பெயிண்ட் காயவில்லையா என்று திருப்பிக் கேட்டேன். நான் போடவே போடாத அந்தப் பச்சைகூட ஒரு நாள் காயும்போது தாடையோரம் தானாகக் கசிந்து வந்திருந்தது. நல்ல சரக்கில் அடி நிறம் அப்படி மேலே வரும், நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு நாள் கீழுதட்டுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி. ஈரப் பெயிண்டில் தூசி விழுந்து ஒட்டிக்கொண்டது என்று நினைத்துச் சுரண்டப் போனேன். எதற்கும் பார்க்கலாம் என்று அவள் முகத்தைப் பார்த்தால், அங்கே நிஜமாகவே ஒரு மச்சம் இருக்கிறது. தூசிகூட இடம் பார்த்து விழுந்திருக்கிறது! முப்பத்தொரு வருஷமாக எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன், அந்த மச்சத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். கல்யாணத்துக்கு முன்னால் அவளைப் பார்த்துவிட்டு வந்த என் அக்காவிடம் பெண் எப்படி என்று கேட்டபோது, "மாநிறம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். நானும் அது ஒரு நிறம் என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணிப் பார்த்தேன் மாப்பிள்ளை, படத்தில் பதினாலு நிறம் இருக்கிறது. காது மடலில் மாந்தளிர் நிறம்கூட இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை படத்தை முடித்தேன். அவளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, கையில் பலகையைக் கொடுத்து, "யாருன்னு தெரியுதா?" என்று கேட்டேன். அவள் பலகையை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு முழங்கால் வலி மறந்துபோயிற்று. அப்புறம், "நான்தான்" என்றாள். அவ்வளவுதான். "நான்தாங்க. பாப்பாவுக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். வயதான காலத்தில் இது என்ன என்று நினைக்காதீர்கள். உங்களிடம் சொல்லத்தான் தோன்றியது, நீங்கள் கொடுத்த பலகையில்தானே இது நடந்தது.

படத்தை உங்கள் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்ப ஜெராக்ஸ் கடைப் பையனிடம் சொல்லியிருக்கிறேன். பெரிதாகப் பிரிண்ட் எடுத்துச் சட்டம் போட்டு, பாப்பா வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து மாட்டிவிடுங்கள். பிரிண்ட் போடுகிறவர் வெளுப்பாக்கட்டுமா என்று கேட்டால், தயவுசெய்து தலையை ஆட்டிவிடாதீர்கள். நீங்களும் பாப்பாவும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நிறைவாக வாழ என் மனமார்ந்த ஆசிகள். அடுத்து உங்களை வரையலாம் என்றிருக்கிறேன், பக்கவாட்டிலிருந்து ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள்.

கடிதத்தை ஒட்டித் தபாலில் போடும்படி உங்கள் அத்தையிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுவது. ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். பையையே துழாவுகிறவள், கவரை விடுவேனா?

அந்தப் பெயிண்ட் காயவில்லை. அது எங்கே காயும்? மாமா இரண்டு மணிக்குப் படுப்பார், இரண்டு ஐந்துக்குக் குறட்டை வந்துவிடும். அதன் பிறகு நாலு மணி வரைக்கும் பேனா என் கையில். முதல் நாள் தொட்டது மீசையைப் பார்க்கச் சகிக்காமல்தான். வகுப்பை அவர் போட்டுக் கேட்டார், அடுப்படியிலிருந்து முழுசாகக் கேட்டது நான். பச்சை என்று டீச்சர் சொன்னதை நானும் நம்பவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போய்ப் பார்த்தேன், தாடையோரம் இருந்தது. இந்த மூன்று மாதத்தில் நான் என் முகத்தைப் பார்த்த அளவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு ரொம்ப நன்றி. ஆனால் இதைப் பற்றி மாமாவிடம் வாயே திறக்காதீர்கள், அவருடைய சந்தோஷம் அவருக்கு இருக்கட்டும்.

இன்னொன்று இருக்கிறது. ஸ்டூடியோவில் அவர் தலையாட்டினது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால், அவர் தலை வாரிக்கொள்ள உள்ளே போயிருந்தபோது, நான்தான் ஸ்டூடியோக்காரரிடம் போய், "அண்ணே, என்னைக் கொஞ்சம் வெளுப்பா போட்டுடுங்க, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்று கேட்டேன். அவர் பாவம், ஒரு மரியாதைக்கு மாமாவிடமும் கேட்டு வைத்தார். அதற்குப் பிறகு வேறு படம் எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றுதான் கேமராவைக் கண்டால் ஒளிந்துகொண்டேன். எனக்கு அவர்மேல் ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை. இந்த மனுஷர் அதைத் தன் தப்பு என்று முப்பத்தொரு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தது, இந்தக் கடிதத்தைப் படிக்கும்வரைக்கும் எனக்குத் தெரியாது.

நாலு மணிக்கு அவரே எழுந்து வரட்டும், ஸ்டூடியோ விஷயத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். இப்போது மணி இரண்டே முக்கால்தான் ஆகிறது. அதுவரைக்கும் பொறுக்க என்னால் முடியாது, எழுப்பப் போகிறேன்.