தீகோமிரின் பெயர் விடுபட்ட பட்டியல்

மூன்றாவது நாளும் தீகோமிருக்குத் தட்டு வரவில்லை.

நோவி ஸாத் நகர அலுவலகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் தட்டிலும் இருந்த சர்மா உணவிலிருந்து ஆவி பறந்தது. முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி வைத்துச் சுருட்டிய அந்தச் சங்கதிக்காக அவன் காலையிலிருந்தே வயிற்றைக் காயப்போட்டிருந்தான்.

"ரதோய்கா அக்கா, நான் ஆர்டர் போட்டேனே?"

சமையல்கார ரதோய்கா திரையைக் காட்டினாள். "உன் பேரு இதுல இல்லியே தம்பி." பரிதாபப்பட்டு ஒரு கிண்ணம் சாலட் வைத்தாள்.

கொடுமை என்னவென்றால், அந்த ஆர்டர் ப்ரோகிராமை எழுதியதே அவன்தான்.

"எட்டு திரெட்டும் ஒரே பட்டியல்ல எழுதுது. பூட்டு போட்டியா, இல்லியா?" என்றாள் பக்கத்து நாற்காலி ஸ்லாவிட்சா.

போடவில்லை. ப்ரோகிராமுக்குள் இணையாக ஓடும் எட்டு திரெட்டுகளும் எட்டு குமாஸ்தாக்கள் மாதிரி ஒரே நேரத்தில் ஆர்டர் வாங்கின. இரண்டு பேர் ஒரே வரியில் எழுதினால் ஒரு பெயர் போன இடம் தெரியாது.

அன்றே பூட்டுப் போட்டான். ஒருவர் எழுதி, சமையலறை 'சரி' சொல்லும்வரை மற்ற ஏழு பேரும் கைகட்டி நிற்க வேண்டும். மறுநாள் சூப் வரவே இரண்டு மணியாயிற்று. ஆறியும் போயிருந்தது. அவன் தட்டு அப்போதும் வரவில்லை.

சூப்புக்கு ஒரு பட்டியல், இறைச்சிக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு மாட்டினான். சூப்பைப் பிடித்த திரெட் இறைச்சிக்குக் காத்திருந்தது. இறைச்சியைப் பிடித்தது சூப்புக்குக் காத்திருந்தது. இரண்டும் நகரவில்லை. அலுவலகமே தெருமுனையில் புரெக் என்ற மாவுப் பலகாரத்தை வாங்கித் தின்றது.

மேனேஜர் நெபோய்ஷா உதட்டில் ஒட்டிய மாவைத் துடைத்தார். "நாளைக்கும் இப்படின்னா, பேப்பர்ல எழுதிக்கலாம் தீகோமிர்."

அவன் முகம் சுருங்கியதைப் பார்த்து ஸ்லாவிட்சா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீயே பூட்டு செய்யாதப்பா. பல திரெட் சேர்ந்து எழுதுறதுக்குன்னே பத்திரமான பட்டியல் ரெடிமேடா இருக்கு. அதைப் போடு."

போட்டான். சோதித்துப் பார்க்க ஆயிரம் திரெட்டுகளை ஏவிவிட்டு, ஆளுக்கு ஆயிரம் ஆர்டர் எழுதச் சொன்னான். பத்து லட்சத்தில் ஒன்றுகூடத் தவறவில்லை.

மறுநாள் எல்லோருக்கும் சுடச்சுட, நேரத்துக்கு வந்தது. நெபோய்ஷா தூரத்திலிருந்தே கட்டைவிரலை உயர்த்தினார்.

தீகோமிருக்கு மட்டும் வரவில்லை.

சமையலறை வாசலில் போய் நின்றான். "அக்கா, நான் இந்த வேலைக்கே லாயக்கில்ல போலிருக்கு. இன்னும் எங்க தப்புன்னே தெரியல."

ரதோய்கா கையைத் துடைத்துக்கொண்டு அவன் தோளைத் தட்டினாள்.

"தப்பெல்லாம் இல்ல தம்பி. டாக்டர் உனக்குக் கொழுப்பே கூடாதுன்னாராம், உன் பொண்டாட்டி போன் பண்ணி, உன்கிட்ட சொல்லாம உன் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லிச்சு. அன்னிலேர்ந்து நான்தான் உன் பேரைத் தினம் அழிச்சிட்டிருக்கேன், அந்த பட்டனை எவ்வளவு சுலபமா வச்சிருக்கே."