அசையாமல் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்த படிகம்

வீடுதோறும் புரதப் படிகம் வளர்க்கப்பட வேண்டும் என்று மேலிடம் ஆணையிட்டது. எதற்கு என்று ஆணையில் இல்லை. முட்டை வெள்ளைக்கரு, உப்பு, வினிகர். கலந்து குப்பியில் மூடி, ஏழு நாள் அசையாமல் வைத்தால் அடுப்பங்கரையிலேயே புரதம் படிகமாகிவிடும்.

சொல்லிக்கொடுக்க என்னைப் போட்டார்கள். நான் பன்னிரண்டாவதில் வேதியியலில் தோற்றவன். ஜெயித்தவர்கள் யாரும் ஊரில் இல்லை. ஏழாம் நாள் ஒரு படிகமாவது தெரிந்தால் வேலை நிரந்தரம். தெரியாவிட்டால் மாமாவின் பஞ்சர் கடை.

எனக்குக் கிடைத்தது டவுணில் ஒரு தெரு. முழுக்கச் சைவ வீடுகள்.

"ஏலே, முட்டையவா எங்க வீட்டுக்குள்ள கொண்டாந்த? வெளிய போலே!" என்றார் ஞானம்பாள் அக்கா.

திட்ட அலுவலர் பாலசுப்பிரமணியன் உடனே திருத்த ஆணை போட்டார்: முட்டை என வரும் இடமெல்லாம் பாசிப்பருப்புத் தண்ணீர் என வாசிக்கவும்.

"சார், அதுல புரதம் படியாது. உப்புதான் படியும்."

"ஏதோ ஒண்ணு படியுதுல்லா? போதும்லே."

பிறகு தினமும் ஆய்வுக்கு வந்தார். குப்பிகள் அசையாமல் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றையும் திறந்து, குலுக்கிப் பார்த்து, பதிவேட்டில் எழுதினார்: "அசையவில்லை."

ஒரு குப்பி மட்டும் தப்பித்தது. அது ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாளையங்கோட்டையில், எனக்கு வேதியியல் எடுத்த ஹெப்சிபா டீச்சர் வீட்டில் நானே கலந்து வைத்தது. அங்கே முட்டைக்குத் தடையில்லை. ஆற்றைத் தாண்ட சாருக்கு வண்டியில்லை. ஆறாம் நாள் குப்பிக்கு வெளியே லென்ஸை வைத்துப் பார்த்தோம். கடுகில் கால்வாசி, பட்டை பட்டையாக, பளபளவென்று. நிஜப் புரதப் படிகம்! நான் குதித்த குதியில் டீச்சர் வீட்டுப் பூனை ஓடியே போய்விட்டது.

ஏழாம் நாள் அக்கா வீட்டில் வைத்து, செல்போனில் எடுத்த படத்தை சாரிடம் காட்டினேன்.

"என்னலே, தூசியப் படம் புடிச்சிருக்க?" என்றார் சார். "இங்கன பாரு!"

தினமும் திறந்ததில் தண்ணீர் வற்றி, அக்கா வீட்டுக் குப்பியில் உப்பு கல்கண்டு மாதிரி விளைந்திருந்தது.

"ஒண்ண சாம்பார்ல போட்டுப் பாத்தேன் சார். அளவா இருந்துச்சு" என்றார் அக்கா.

"மக்கள் பயன்பாடும் நிரூபணமாயிட்டு! புரதம்னு கையெழுத்துப் போடுலே."

பஞ்சர் கடையை ஒருதரம் நினைத்தேன். போட்டேன்.

வேலை நிரந்தரம். ஆய்வும் இனி என் பொறுப்பு. ஆற்றைத் தாண்ட வண்டி கூடக் கொடுத்தார்கள். முதல் வேலையாக டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

"தொடாதலே! நீ வளத்த படிகம்லா அது!"

"தெரியும் டீச்சர். அசையாம இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன்."

மூடியைத் திறந்தேன். நன்றாகக் குலுக்கினேன். பதிவேட்டில் எழுதினேன்: "அசையவில்லை."