சென்டர் ஃபார்வர்டுக்குப் பத்துப் பொருத்தம்

1999 பிப்ரவரியில் சான் ஹோசே வட்டாரத் தமிழர்களுக்கு இரண்டு பயங்கள் இருந்தன. வருடக் கடைசியில் உலகத்துக் கணினிகள் எல்லாம் தேதி தெரியாமல் திண்டாடப் போகின்றன என்பது ஒன்று. ஜோதிட சாம்ராட் சிவராமகிருஷ்ணனிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமல் போய்விடுமோ என்பது இன்னொன்று. முதல் பயத்துக்குக் கம்பெனிகள் எங்களுக்குச் சம்பளம் கொடுத்தன. இரண்டாவது பயத்துக்கு நாங்கள் சாம்ராட்டுக்குக் கொடுத்தோம்.

சாம்ராட் சென்னையிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்தார். ஒரு பக்தரின் அபார்ட்மென்ட் கிளப்ஹவுஸில் சனி ஞாயிறு தரிசனம். வரிசை கிளப்ஹவுஸ் வாசலில் தொடங்கி, நீச்சல் குளத்தைச் சுற்றி, துணி துவைக்கும் அறை வரைக்கும் நீளும். கிரீன் கார்டுக்காரர்கள், வீடு வாங்குகிறவர்கள், கம்பெனி எப்போது பங்குச் சந்தைக்குப் போகும் என்று கேட்கிறவர்கள். ஒரு தம்பதி குழந்தையை டேகேரில் சேர்க்க நல்ல நேரம் கேட்டு வந்திருந்தார்கள். டேகேரில் இடமே காலியில்லை என்பது வேறு விஷயம்.

நானும் நின்றேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? "கிரீன் கார்டு வருமா சார்?" என்று கேட்டேன். "வரும்" என்றார். ஆனந்தமாக வீட்டுக்குப் போனேன். எப்போது வரும் என்று கேட்கத் தோன்றவில்லை. நான் எம்.எஸ். படித்தவன்.

சாம்ராட்டிடம் ஓலைச்சுவடி கிடையாது. லேப்டாப் உண்டு, பிரின்டர் உண்டு. பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்தால் ஜாதகக் கட்டம் அச்சாகி வரும். அதன் கீழே பலனைச் சிவப்பு மையில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மூலையில் குங்குமம் வைத்துக் கொடுப்பார். கம்ப்யூட்டரும் குங்குமமும் ஒரே காகிதத்தில் இருந்தால் எங்கள் ஆட்கள் எதை வேண்டுமானாலும் நம்புவார்கள்.

சரி, ஹாக்கிக்கு வருகிறேன். ஐஸில் விளையாடும் ஹாக்கி இல்லை, நம் ஊரில் புல்லில் விளையாடுகிறோமே, அது. வட்டாரத்து இந்தியர்கள் சேர்ந்து நடத்திய வார இறுதி லீக்கில் ஆறு அணிகள்; ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடலாம். அதில் போன வருடம் எங்கள் தமிழ் அணி ஆறாவது. அதற்கு முந்தைய வருடமும் ஆறாவது. நான் அந்த அணியின் பதினாறாவது ஆட்டக்காரன். தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தை முழுமையாகப் பார்க்கும் பாக்கியம் எனக்கு உண்டு.

லீக்கின் விதிப்படி, மூன்று வருடம் தொடர்ந்து கடைசியில் வரும் அணியை நீக்கிவிடுவார்கள். மைதானத்தில் அதன் சனிக்கிழமை நேரத்தை, காத்திருக்கும் வேறு அணிக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்களுக்கு இது மூன்றாவது வருடம். எங்கள் கேப்டன் மயில்சாமி பொள்ளாச்சிக்காரர், சிப் வடிவமைக்கிறவர், ஆறு வருடத்துக்கு முன் அணியைத் தொடங்கியவரே அவர்தான். அந்த மாதம் அவர் பேச்செல்லாம் இதுவாகவே இருந்தது.

"ஏனுங்க, வாரம் பூரா ஒரு டப்பாவுக்குள்ள உக்காந்து ஸ்க்ரீனைப் பாத்துட்டிருக்கறனுங்க. இந்த ஒரு சனிக்கிழமைக்காகத்தானுங்க. இதுவும் போச்சுன்னா நான் என்ன பண்றதுங்க?" என்பார். அவர் கண் கலங்குவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

கடைசியில் வந்ததில் ஒரு லாபமும் இருந்தது. வருடா வருடம் புதிதாக வந்திறங்கும் ஆட்டக்காரர்களை அணிகளுக்குப் பிரிக்க லீக் ஒரு டிராஃப்ட் வைக்கும். போன வருடம் கடைசியில் வந்தவர்கள் முதலில் ஒரு பெயரைச் சொல்லலாம். அந்த வருடம் இருபது புது ஆட்கள். அதில் பெயர் சொல்லும்படி இரண்டு சென்டர் ஃபார்வர்டுகள். எங்களுக்கு ஒருவர்தான். மற்றவரை அடுத்த அணி அந்த நிமிடமே கொத்திக்கொண்டு போய்விடும்.

ஒருவர் நவநீத். ஆறடி உயரம், சென்னை, பெரிய கம்பெனி, புத்தம் புது மட்டை, கறுப்புக் கண்ணாடி. இன்னொருவர் ஜெயபிரகாஷ். கோவில்பட்டிக்காரர், குட்டை, கால் கொஞ்சம் வளைவு, பிடியெல்லாம் பிளாஸ்திரி சுற்றிய பழைய மட்டை. புது மட்டை தருகிறேன் என்று கேப்டன் சொன்னதற்கு, "வேணாம்ணே, இதுக்கு என் கை பழகிருச்சு" என்றார். சோதனை ஆட்டத்தில் இருவரும் ஆளுக்கு மூன்று கோல் போட்டார்கள்.

அந்த ஆறு கோல்களையும் வாங்கியவர் எங்கள் கோல்கீப்பர் ஜலஜா. மதுரையில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். இங்கே ஒரு வங்கியின் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. பிழை கண்டுபிடித்தால் சம்பளம், கண்டுபிடிக்காவிட்டால் திட்டு.

"ஜெயபிரகாஷை எடுங்க கேப்டன். நவநீத் போட்டதுல ரெண்டு பெனால்டி ஸ்ட்ரோக். ஒண்ணு நான் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு இருக்கும்போது போட்டது. ஜெயபிரகாஷ் போட்ட மூணும் நான் முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கும்போதே உள்ள போச்சு" என்றார்.

இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் எங்கள் மேனேஜர் ராமசுப்ரமணியனுக்கு வேண்டியிருந்தது. அவர் புள்ளியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். "மூணு கோல் எல்லாம் ரொம்ப ஸ்மால் சாம்பிள். இதை வெச்சு முடிவு பண்ண முடியாது" என்றார். பிறகு, "சாம்ராட்கிட்ட ஜாதகத்தைக் காட்டிடலாம்" என்றார்.

இருவரிடமும் பிறந்த விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு சனிக்கிழமை போனோம். ஞாயிறு நான்கு மணிக்கு டிராஃப்ட். மூன்று மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே நுழைந்ததும் சாம்ராட் கேட்ட முதல் கேள்வி, "பொண்ணு யாரு?"

"பொண்ணு இல்லீங்க, ஹாக்கி டீமுங்க" என்றார் மயில்சாமி.

சாம்ராட் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "அப்போ அணிதான் பொண்ணு. வர்றவர் மாப்பிள்ளை. பத்துப் பொருத்தம் பாத்துடுவோம். அணி எப்போ பிறந்தது?"

முதல் ஆட்டத்தின் முதல் விசில் ஊதிய நேரத்தைக் கேப்டன் நிமிட சுத்தமாகச் சொன்னார். அணிக்கு மகம் நட்சத்திரம் என்று தெரிந்தது. ஆறு வருடமாக இது தெரியாமலே தோற்றுக்கொண்டிருந்திருக்கிறோம்.

"ரெண்டு பையன்ல நீங்க யாரை நினைச்சிட்டு வந்திருக்கீங்க?" என்றார் சாம்ராட், காபியை ஆற்றிக்கொண்டே, சும்மா பேச்சுக்கு.

ராமசுப்ரமணியன் கொட்டித் தீர்த்துவிட்டார். நவநீத்தின் உயரம், கம்பெனி, சொந்தக் கார், நல்ல குடும்பம். சாம்ராட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கிரகங்கள் பேசுவதைக் கேட்கிறார் என்று நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். ஜலஜா மட்டும் சாம்ராட்டையும் ராமசுப்ரமணியனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டங்கள் அச்சாகி வந்தன.

"ஜெயபிரகாஷ். ஆயில்யம். யோனிப் பொருத்தத்துல இதுக்கு மிருகம் பூனை. உங்க அணி மகம், எலி. பூனையைக் கொண்டுவந்து எலி வீட்டுல விடுவீங்களா? எட்டுல செவ்வாய் வேற. செவ்வாய் தோஷம்."

"ஹாக்கிக்குச் செவ்வாய் தோஷம் என்னங்க பண்ணும்?" என்றார் கேப்டன்.

"ரத்தக் காயம். கோல்கீப்பருக்கு ஆகாது."

"நான்தான் சார் கோல்கீப்பர்" என்றார் ஜலஜா.

சாம்ராட் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஜாக்கிரதையா இரும்மா." பிறகு அடுத்த கட்டத்தை எடுத்தார். "நவநீத். உத்திராடம், கீரி. கீரிக்கும் எலிக்கும் பகை கிடையாது. பத்துக்கு எட்டுப் பொருத்தம். கண்ணை மூடிட்டு எடுங்க."

கீரி எலியைப் பிடித்துத் தின்னும் என்று நான் பள்ளியில் படித்திருக்கிறேன். பஞ்சாங்கம் அந்தப் பள்ளிக்குப் போகவில்லை போலிருக்கிறது. ஆனாலும் சிவப்பு மையில் பலன் எழுதி, கையெழுத்துப் போட்டு, குங்குமம் வைத்த இரண்டு காகிதங்களையும் பக்தியோடு வாங்கிக்கொண்டோம்.

பார்க்கிங் லாட்டில் ஜலஜா பிடித்துக்கொண்டார். "என்ன கேப்டன் இது? கண்ணால பாத்த கோலை விட்டுட்டு, பூனை எலின்னு கதை கேட்டுட்டு வர்றீங்க?"

"உங்களுக்கு அடிபட்டுச்சுன்னா நானில்லீங்க பாவத்தைக் கட்டிக்கோணும்?"

"எனக்கு வாராவாரம் அடிபடுதுங்க. எந்தச் செவ்வாயைக் கேட்டு அடிபட்டுச்சு? சரி, ஒண்ணு பண்ணுங்க. நாளைக்குக் காலையில மறுபடி போவோம். பிறந்த நேரத்துல ஒரு சந்தேகம்னு சொல்லி, ரெண்டு பேர் ஜாதகத்தையும் திரும்பக் காட்டுவோம். விவரத்தை நான் எழுதித் தர்றேன். பாத்துட்டு என்ன முடிவு வேணா எடுங்க, நான் வாயே திறக்க மாட்டேன்."

ராமசுப்ரமணியனுக்கும் சந்தோஷம். இரண்டு தடவை கேட்டால் பலன் இரட்டிப்பு உறுதி அல்லவா? சாம்பிளும் பெரிதாகும்.

ஞாயிறு காலை வரிசை இன்னும் நீளம். கதவைத் திறந்தே வைத்திருந்ததால் முன்னால் நின்ற பத்து இருபது பேருக்கு உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். ஜலஜா எழுதிக் கொடுத்த விவரங்களைச் சாம்ராட் லேப்டாப்பில் அடித்தார். முந்தின நாள் நூறு ஜாதகம் பார்த்தவர், எங்களை அடையாளம் கண்டதே பெரிது.

"ஹாக்கி மாப்பிள்ளைங்கதானே? நேத்தே சொன்னேனே, நவநீத்தான்னு." கட்டத்தைப் பார்த்தார். "இதோ நவநீத். ஆயில்யம். பூனை. ஃபார்வர்டு பூனையாத்தான் இருக்கணும். பாயறதுக்கும் பதுங்கறதுக்கும் அதைவிட்டா ஆள் ஏது?"

"எட்டுல செவ்வாய் இருக்கே சார்?" என்றார் ஜலஜா, ரொம்ப அடக்கமாக.

"இருக்கட்டுமே! சொந்த வீட்டுல இருக்காரு. தோஷமே கிடையாது. செவ்வாய் வீரத்துக்கு அதிபதி அம்மா. கோல் மழைதான்." சிவப்பு மையில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். குங்குமம் வைத்தார்.

"ஜெயபிரகாஷ்?"

"உத்திராடம். கீரி. கீரி எலியை உயிரோட விடுமா? அணி அழிஞ்சிடும். வேண்டவே வேண்டாம்."

பஞ்சாங்கம் ஒரே இரவில் பள்ளிக்குப் போய்விட்டு வந்திருந்தது.

ஜலஜா நேற்றைய காகிதம் ஒன்றையும் இன்றைய காகிதம் ஒன்றையும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு நேராக அழுத்திப் பிடித்தார். பன்னிரண்டு கட்டங்களும் பன்னிரண்டு கட்டங்கள்மேல் அச்சாக உட்கார்ந்தன. சூரியன்மேல் சூரியன், செவ்வாய்மேல் செவ்வாய். மேலே இருந்த பெயர் மட்டும் வேறு.

"கேப்டன், இது ரெண்டும் ஜெயபிரகாஷ் ஜாதகம். நேத்து அவர் பேர்லயே குடுத்தோம், ரத்தக் காயம்னு எழுதினாரு. இன்னைக்கு நவநீத்னு பேர் போட்டுக் குடுத்தேன், கோல் மழைன்னு எழுதியிருக்காரு. தேதி அதே, நேரம் அதே, ஊர் அதே. நீங்களே படிங்க."

மயில்சாமி படித்தார். இரண்டு தடவை படித்தார். வரிசையில் முன்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்துப் படித்தார்கள். நீச்சல் குளத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டியும் கரைக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

சாம்ராட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "பெயருக்குன்னு ஒரு அதிர்வு இருக்கு அம்மா. அது கிரகத்தையே மாத்தும்."

"அப்போ ஜாதகம் எதுக்கு சார்? பேரை மட்டும் கேட்டுச் சொல்லிடலாமே. நேத்து அதைத்தானே பண்ணீங்க? யாரை நினைச்சிட்டு வந்திருக்கீங்கன்னு கேட்டீங்க, மேனேஜர் நவநீத்னாரு, நீங்களும் நவநீத்னீங்க. மேனேஜர் சொன்னதையே குங்குமம் வெச்சுத் திருப்பிக் குடுத்தீங்க."

"குதர்க்கம் பேசறவங்களுக்குப் பலன் பலிக்காது" என்றார் சாம்ராட். லேப்டாப்பை மூடினார். அவருக்குத் திடீரென்று தலைவலி. அன்றைய தரிசனம் முடிந்தது.

நான் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வரிசையில் நின்ற அறுபது பேரில் ஒன்பது பேர் சிரித்துக்கொண்டு காருக்குப் போனார்கள். மற்றவர்கள் அடுத்த சனிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்டார்கள். ராமசுப்ரமணியன் என் காதருகே வந்து, "எல்லாம் சரி, நேத்துப் பலன், இன்னைக்குப் பலன், ரெண்டுல எது சரின்னு இவர்கிட்ட கேக்காமலே விட்டுட்டோமே?" என்றார். சத்தியமாகக் கேட்டார்.

நான்கு மணிக்கு டிராஃப்ட். மயில்சாமி எழுந்து நின்றார். கையில் காகிதம் எதுவும் இல்லை. ஜலஜாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஜெயபிரகாஷுங்க" என்றார். அந்த நிமிடமே வரிசையில் அடுத்து இருந்த அணி நவநீத்தை எடுத்துக்கொண்டது.

ஜெயபிரகாஷ் வந்ததால் நாங்கள் கோப்பையை வென்றோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். வெல்லவில்லை. எங்களில் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கும். மீதிப் பேருக்கு முதுகு வலி. ஆனால் ஜெயபிரகாஷ் தினமும் மாலை எல்லோருக்கும் போன் செய்து, "அண்ணே, ஓடுனீங்களா?" என்று கேட்பார். மானம் போகிறதே என்று ஓடினோம். நான்கூட ஓடினேன். ஜூன் கடைசி ஆட்டத்தில் தோற்றால் ஆறாவது இடம், அணி காலி. ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தபோது ஜெயபிரகாஷ் முட்டி வீங்கிய காலோடு நான்கு பேரைத் தாண்டிப் போய்ப் பந்தை உள்ளே தள்ளினார். கடைசி நிமிடத்தில் வந்த பெனால்டி கார்னரை ஜலஜா நெஞ்சைக் கொடுத்துத் தடுத்தார். ஐந்தாவது இடம். மயில்சாமி புல்லில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல் அழுதார். சனிக்கிழமை தப்பித்தது.

அன்று மாலை பூங்காவில் புளியோதரையும் தயிர் சாதமுமாக விருந்து. ராமசுப்ரமணியன் எழுந்து மேனேஜர் உரை நிகழ்த்தினார். "மே மாசம் குரு பெயர்ந்தாரு, கவனிச்சீங்களா? நம்ம டீம் எழுந்ததே அதுக்கப்புறந்தான்" என்றார். கூட்டம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. ஜெயபிரகாஷ் ஒரு ஓரத்தில் முட்டியில் ஐஸ் மூட்டையைக் கட்டிக்கொண்டு, அவரும் நாகரிகமாகத் தலையாட்டினார்.

குரு பெயர்ந்தது உண்மைதான், யார் இல்லை என்றார்கள்? மே மாதம் ஆறு அணிகளுக்கும் சேர்த்துத்தானே பெயர்ந்தார்? ஆறு அணியும் அல்லவா எழுந்திருக்க வேண்டும்? இதைக் கேட்க டாக்டர் பட்டம் வேண்டாம், விரல்விட்டு ஆறு வரை எண்ணத் தெரிந்தால் போதும். வானத்தில் எங்கோ சுற்றுகிற கோளுக்கு மாலை போடத் துடிக்கிற கைகளே, எதிரே முட்டி வீங்கி உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு ஒரு வாய் தயிர் சாதம் எடுத்துக் கொடுங்கள். கொடுத்துவிட்டுக் கொஞ்சம் யோசியுங்கள்.