டிகிரி அக்காவும் கண்ணாடிப் பள்ளிக்கூடமும்

திருச்சி வெயிலுக்கு மரியாதை கொடுத்த ஒரே மனுஷி யார் என்று என்னைக் கேட்டால், டிகிரி அக்கா என்றுதான் சொல்வேன். மற்றவர்கள் வெயிலைத் திட்டுவார்கள், மோர் குடிப்பார்கள், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். டிகிரி அக்கா நின்று அளப்பார். அவர் கைப்பையில் பர்ஸ் இருக்கிறதோ இல்லையோ, ஒரு தெர்மாமீட்டர் இருக்கும். ஜுரம் பார்க்கிற சின்னது இல்லை. சுவரில் மாட்டுகிற, மரப்பலகை வைத்த, முழ நீளத் தெர்மாமீட்டர். பஸ்ஸில் அவர் அதை வெளியே எடுத்தால் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார். அக்கா வசதியாக நகர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

அவரிடம் உண்மையில் டிகிரி கிடையாது. சிவில் டிப்ளமோதான். மன்னார்புரத்தில் நாங்கள் வேலை பார்த்த கட்டட வடிவமைப்பு ஆபீஸில் மொத்தம் ஏழு பேர். அதில் பட்டம் வாங்காத ஒரே ஆள் அவர். பட்டப்பெயர் வாங்கிய ஒரே ஆளும் அவர்தான். கம்ப்யூட்டரில் பிளான் வரைவது அவர் வேலை. நான் சைட் இன்ஜினியர். அவர் போட்ட கோட்டில் நான் போய்ச் செங்கல் வைக்கச் சொல்வேன். எனக்கும் அவருக்கும் இரண்டே வயசு வித்தியாசம்தான். ஆபீஸே அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கும் அக்கா.

எங்கள் ஆபீஸுக்கு மேற்கே முழுக்கக் கண்ணாடிச் சுவர். முதலாளி சார் தானே ஆசையாக வடிவமைத்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும். அதைப் பார்த்து மயங்கி உள்ளே வருகிற வாடிக்கையாளர், மதியத்துக்கு மேல் வந்தாரென்றால், உள்ளே உட்கார்ந்து இன்னொரு முறையும் மயங்க வேண்டியதுதான். இரண்டு மணிக்கு வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே கால் வைக்கும். சார் மேசையைக் கொஞ்சம் பின்னால் தள்ளுவார். மூன்று மணிக்கு இன்னும் கொஞ்சம். ஐந்து மணிக்கு அவரைப் பார்க்க வருகிறவர்கள் பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் நின்று பேச வேண்டியிருக்கும்.

டிகிரி அக்கா சாக்பீஸை எடுத்துக்கொண்டு, வெயில் எட்டிய இடத்தில் அரை மணிக்கொரு கோடு போட்டு, பக்கத்தில் மணியும் டிகிரியும் எழுதி வைப்பார். தன் சீட்டில் குடை விரித்து உட்கார்ந்து வேலை பார்ப்பார்.

"சார், போற போக்கைப் பாத்தா மே மாசம் பாத்ரூமுக்குள்ளயே வந்துடும்."

"வேலையப் பாருங்கம்மா."

"வேலையத்தான் சார் பாத்துக்கிட்டிருக்கேன்."

ஒரு சனிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டை அளக்க நாங்கள் இருவரும் போயிருந்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவைக் காணவில்லை. போனையும் எடுக்கவில்லை. எங்கே போயிருப்பார் என்று ஓரளவு தெரியும் என்பதால் கோயிலுக்குள் தேடிப் போனேன். ஏப்ரல் மாதம், இரண்டு மணி. செருப்பில்லாத கால் கல்தரையில் பட்டதும், பக்தி இருந்ததோ இல்லையோ, ஓட்டம் தானாக வந்தது. சூடு தெரியாமலிருக்க வெள்ளை பூசியிருந்த நடைபாதையில் ஏறிய பிறகுதான் உயிர் திரும்பியது.

ஆயிரங்கால் மண்டபத்துப் பக்கம் ஒரு தூணடியில் அக்கா வடக்கு பார்த்து உட்கார்ந்திருந்தார். எதிரே தூணில் சாய்த்து வைத்த தெர்மாமீட்டர். கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பதினோரு பேர், அதே மாதிரி வடக்கு பார்த்து, கை கூப்பி உட்கார்ந்திருந்தார்கள். சேலத்திலிருந்து வேனில் வந்த குடும்பமாம்.

கடைசியில் இருந்த அம்மாவிடம், "என்னங்க விசேஷம்?" என்று கேட்டேன்.

"தெரியலைங்க. முன்னால அந்தம்மா ரொம்ப நேரமா உக்காந்திருக்காங்க. ஏதோ பரிகாரம் போலிருக்கு. நீங்களும் உக்காருங்க, கூட்டம் சேர்றதுக்குள்ள."

அந்த வழியாக வந்த, கோயில் கைங்கர்யம் செய்கிற ஒரு பெரியவர் நின்று விசாரித்தார். "ஏம்மா, என்ன பிரார்த்தனை?"

"பிரார்த்தனை இல்லை சாமி. வெளியில நாப்பத்தொண்ணு. இங்க முப்பத்திரண்டு. எப்படின்னு பாக்கறேன்."

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "பேஷாப் பாருங்கோ. ஆனா நாலு தூண் தள்ளி உக்காந்தேள்னா இன்னும் சிலாக்கியமா இருக்கும். அடியேன் மத்தியானம் சித்த தலை சாய்க்கறது அங்கதான்."

அக்கா எழுந்து நாலு தூண் தள்ளிப் போனார். பதினோரு பேரும் எழுந்து பின்னாலேயே போனார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "எதுக்குக்கா இந்தப் பாடு?"

"எங்க வீடு துறையூர்ல ஆஸ்பெட்டாஸ் கூரை தம்பி. ஏப்ரல் வந்தா என் பொண்ணு ஈரத்துண்டைப் போத்திக்கிட்டுத்தான் படிப்பா. ஒரு லீவு நாள்ல இங்க கூட்டிட்டு வந்தேன். தூண்ல சாஞ்சு பாடப் புத்தகத்தைப் பிரிச்சவ, அப்படியே தூங்கிட்டா. ரெண்டு மணி நேரம். அவ அப்படித் தூங்கி நான் பாத்ததே இல்லை. இவ்வளவு பெரிய இடத்துல ஒரு ஃபேன் கிடையாது. நான் பன்னெண்டு வருஷமா பிளான் வரையறேன், ஒரு குழந்தை நிம்மதியா தூங்கற மாதிரி ஒரு ரூம் வரைஞ்சதில்லையேன்னு தோணுச்சு. மறுநாளே தெர்மாமீட்டர் வாங்கிட்டேன்."

அதன்பிறகு நான் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை.

அடுத்த மாதம் எங்கள் ஆபீஸுக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை வந்தது. பழைய நகரத்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாய். வளைகுடாவில் இருபது வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்து, பிறகு சொந்தமாக ஏசி கம்பெனி நடத்தி, ஊர் திரும்பியவர். துறையூர் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்றார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. எல்லா வகுப்பும் ஏசி. சாருக்கு முகமெல்லாம் பிரகாசம். பாதி அவர் சந்தோஷம், பாதி மேற்கு வெயில்.

குடைக்கு அடியிலிருந்து அக்கா குரல் கொடுத்தார். "பாய், ஒரு சந்தேகம். கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?"

"ஜெனரேட்டர் இருக்கும்ல மேடம்."

"ஜெனரேட்டர் நின்னுட்டா?"

பாய் யோசித்தார். "லீவு விட்டுருவோம்."

"கண்ணாடிக்குள்ள முந்நூறு பிள்ளைங்க. கதவைத் திறந்து வெளிய கொண்டு வர்றதுக்குள்ள அவிஞ்சிடும் பாய்."

சார் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் பாத்ரூம் பக்கம். அதனால் எல்லோருக்கும் கேட்டது. "இந்த வேலை போச்சுன்னா நீங்களும் அது கூடவே போயிடுங்க. சொல்லிட்டேன்."

அக்கா வந்து உட்கார்ந்து, கேட்டபடியே கண்ணாடிப் பள்ளிக்கூடத்தை வரைந்தார். மூன்று நாளில் முடித்தார். அழகாகத்தான் இருந்தது. நான்காம் நாள் பிளானைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, கார் எடுங்க. பாய்க்கு பிளான் காட்டணும்."

"சார் வந்துடட்டும்கா."

"சார் அஞ்சு மணிக்குத்தான் வருவார். எனக்கு ரெண்டு மணி வெயில் வேணும்."

பாயை ஏற்றிக்கொண்டு அக்கா சொன்ன இடத்துக்குப் போனேன். பழைய நகரத்தில் இருக்கிற ஒரு தர்கா. பாய்க்கு ஆச்சரியம். "இங்க எதுக்கு மேடம்? சின்ன வயசுல எங்க அத்தா கையைப் பிடிச்சுக்கிட்டு வாராவாரம் வருவேன்." அக்கா தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளி முற்றம் சுட்டது. மூவரும் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தோம். அக்கா பிளானைப் பிரிக்கவில்லை. பாய் சுவரில் சாய்ந்தார். கால்களை நீட்டினார். பத்து நிமிஷத்தில் குறட்டை கேட்டது.

சாரிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தேன்.

"எங்கய்யா இருக்கீங்க? பாய் பிளான் பாத்தாரா?"

"பாத்துக்கிட்டே இருக்கார் சார்."

"என்ன சத்தம் அது?"

"அவர்தான் சார்."

போனை வைத்துவிட்டு, "எழுப்பிடலாம்கா, வேலை போயிடும்" என்றேன். அக்கா வாயில் விரலை வைத்தார். வேலை போனால் என்னைவிட அவருக்குத்தான் அடி. வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் அவர்.

மூன்றே முக்காலுக்கு பாய் கண் விழித்தார். மேலே பார்த்தார். தலைக்கு மேல் மின்விசிறி அசையாமல் நின்றது.

"கரண்ட் இல்லையா மேடம்?"

"இருக்கு பாய். யாரும் ஃபேன் போடலை."

ஏசியிலேயே வாழ்ந்த மனிதர் அந்த விசிறியை வெகுநேரம் பார்த்தார். "சின்னப் பிள்ளைலேருந்து வர்றேன். ஏன் இங்க வந்தா தூக்கம் வருதுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. அவுலியா பரக்கத்து, இங்க அடங்கியிருக்கிற மகானோட அருள்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"அது இல்லைன்னு நான் சொல்லலை பாய். சுவரும் ஒரு முழம் கனம் இருக்கு. கூரை உசரம். அந்தக் கல்சல்லடை வழியா காத்து வடிகட்டி வருது. தண்ணித்தொட்டி அந்தப் பக்கம். எல்லாம் சேந்துதான் பரக்கத்து."

பாய் சுருட்டி வைத்த பிளானை எடுத்தார். பிரிக்காமலேயே அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். "வேற வரைங்க மேடம்" என்றார்.

பள்ளிக்கூடம் ஒன்றரை வருஷத்தில் எழுந்தது. உள்ளூர்ச் செங்கல்லில் இரட்டைச் சுவர், நடுவில் காற்றுக்கு இடம். நான்கு பக்கமும் அகலமான தாழ்வாரம், நடுவே சின்ன முற்றம், கூரைத் தண்ணீர் வந்து விழ ஒரு தொட்டி. மேற்கே அக்கா படிக்கட்டையும் ஸ்டோர் ரூமையும் வைத்தார். "வெயில் வந்தா ஸ்டோர் ரூம்ல உக்காந்துட்டுப் போகட்டும்." பாய்க்குக் கண்ணாடி ஆசை மட்டும் முழுசாகப் போகவில்லை. தன் தாளாளர் அறைக்காவது வேண்டும் என்றார். அக்கா மறுக்கவில்லை. அதை மேற்கில் வைத்துக் கொடுத்தார். அந்தப் பள்ளியின் ஒரே ஏசி இன்றும் அங்கேதான் ஓடுகிறது. பாய் நாற்காலியைத் தாழ்வாரத்தில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

தூண் ஒவ்வொன்றையும் சுற்றி அக்கா உட்காரும் அகலத்துக்குப் பீடம் கட்டச் சொன்னார். இது எதற்கு, இடம்தானே வீண் என்று சார் கேட்டார்.

"கோயில்ல எத்தனை பேர் சும்மா உக்காந்திருக்காங்க சார். ஏன் உக்காந்திருக்கன்னு யாராவது கேக்கறாங்களா? பிள்ளைங்களுக்கும் அப்படி ஒரு இடம் வேணும். அழுகை வந்தா எங்க போவாங்க?"

சார் பீடத்தின் அகலத்தை இன்னும் இரண்டு அங்குலம் கூட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாமே சரியாக வந்துவிட்டது என்று சொன்னால் பொய். கோயில் வாசலைப் போலவே ஒவ்வொரு வகுப்புக்கும் உயரமான வாசற்படி வேண்டும் என்று அக்கா அடம் பிடித்தார். கால் தூக்கி, தலை குனிந்து உள்ளே வரும்போது மனசில் ஒரு பணிவு வருமாம். திறப்பு விழா அன்று முதலில் பாய் தடுக்கினார். அடுத்து சார், கையில் பூங்கொத்தோடு. சிறப்பு விருந்தினர் தடுக்கிய வேகத்தில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பணிவு எல்லோருக்கும் வந்தது.

சிரித்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று நிறுத்தினார். மூன்றாம் வகுப்பில் சேர வந்திருந்த ஒரு பெண் குழந்தை, நடக்க உதவும் இரும்புப் பட்டை காலில் போட்டது, அந்த வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தது. அதன் அம்மா தூக்கி உள்ளே வைத்தார். விருந்து முடிவதற்குள் அக்கா கொத்தனாரைக் கூப்பிட்டு, பட்டுப்புடவையோடு பக்கத்தில் நின்று, பதினான்கு வாசற்படியையும் இடித்துச் சரிவாக்கச் சொன்னார்.

"அங்க அது சாமிக்கு தம்பி. இங்க பிள்ளைங்களுக்கு. எதைக் கொண்டு வரணும், எதை அங்கயே விட்டுட்டு வரணும்னு நான் பாக்கலை" என்று மூக்கை உறிஞ்சினார்.

முதல் கோடையில் ஒரு நாள் அந்தப் பக்கம் முழுவதும் மின்சாரம் போனது. பள்ளிக்கூடத்தில் யாருக்குமே தெரியவில்லை. மின்சார மணி அடிக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் ஏழாம் வகுப்பில் கணக்குப் பாடம் இரண்டு மணி நேரம் நடந்தது. தலைமை ஆசிரியை போன் செய்து நன்றி சொன்னார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் டிகிரி அக்காவை இன்னும் மன்னிக்கவில்லை என்று கேள்வி.

பாய் அடுத்த பள்ளிக்கூடத்தைத் துறையூரிலேயே கட்டுவது என்று முடிவு செய்தார். அக்காவைத் தன்னிடமே வேலைக்குக் கேட்டார். அக்கா வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். சார் மகிழ்ச்சியோடு அனுப்பி வைப்பதாகப் பிரிவு உபசார விழாவில் பேசினார். பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

அக்காவின் இடத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறார். நன்றாகப் படித்தவர். சொன்னதை அப்படியே வரைவார், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆபீஸில்தான் யாருக்கும் வேலை ஓடவில்லை.