சொந்தத்தில் ஒரு வக்கீல்

பெரிய வக்கீலின் முன்னறையில் ரம்பக்காரர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் வாசல் கதவு மறுபடி திறந்தது. கறுப்புக் கோட்டுடன் உள்ளே நுழைந்தவர் அவருடைய மனைவியின் தம்பி.

ரம்பக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு செய்யும் கம்பெனியில் ரம்பம் பிடித்தே காலத்தை ஓட்டி, நுரையீரல் நிறையத் தூசியோடு ஓய்வு பெற்றவர் அவர். நஷ்டஈட்டு வழக்கு என்று பேச்செடுத்ததுமே, "சொந்தத்துல வக்கீல் இருக்கறப்ப வெளியில போனா, என் தம்பி மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?" என்று மனைவி முடித்துவிட்டாள்.

மைத்துனர் இதுவரை ஜெயித்தது ஒரே ஒரு வழக்கு. அன்றைக்கு எதிர்த்தரப்பு பஸ்ஸைத் தவறவிட்டிருந்தது. அவரிடம் போய் இருமிக் காட்டியபோது, "தூசின்னு தெரிஞ்சும் ஏன் அத்தான் அங்கேயே இருந்தீங்க?" என்று கேட்டார். கம்பெனி வக்கீல் கேட்க வேண்டிய கேள்வி அது. தோற்றுப்போய் மேலே மேலே அப்பீல் போட்டுக்கொண்டிருக்க ரம்பக்காரரிடம் மூச்சு இல்லை. அதனால்தான் இந்தத் திருட்டுப் பயணம்.

ரம்பக்காரர் கையிலிருந்த எக்ஸ்ரே உறையை அவசரமாக நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"அத்தான்? முடிவெட்டப் போயிருக்கீங்கன்னு அக்கா சொன்னாளே?"

"கடையில கூட்டம்."

"அதுக்கு வக்கீல் ஆபீஸுக்கா வருவாங்க?"

"இல்ல... இவருக்குத் துணையா வந்தேன்." பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதரைக் காட்டினார்.

"சாருக்கு என்ன கேஸ்?"

"விவாகரத்து," என்ற அந்த மனிதர், ரம்பக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு? என் பொண்டாட்டி வேவு பார்க்க அனுப்புன ஆளா?" எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார்.

ரம்பக்காரர் நெளிந்தார். அடியில் எக்ஸ்ரே கரகரத்தது.

"என்ன அத்தான் சத்தம்?"

"நெஞ்சு."

மைத்துனரின் முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். வீட்டில்கூடக் கழற்றாத கோட்டைக் கழற்றிச் சுருட்டி அத்தானின் முதுகுக்கு அண்டக் கொடுத்தார். "தைரியமா இருங்க அத்தான். உங்க கேஸுக்கு நான் பொறுப்பு."

இந்தப் பிள்ளைக்கா துரோகம் செய்ய வந்தோம் என்று ரம்பக்காரர் குன்றிப்போனார். தோற்றாலும் இவன் கையாலேயே தோற்போம் என்று தீர்மானித்து எழுந்தார்.

"வா மச்சான், வீட்டுக்குப் போகலாம். என் கேஸை நீதான் நடத்தணும். வேற எவனும் வேண்டாம்."

மைத்துனர் ஏனோ நகரவில்லை. காலரைத் தேடிச் சரிசெய்யப் போனவர், கோட்டு இல்லாததைக் கண்டு கையைக் கீழே போட்டார்.

உள்ளறையிலிருந்து குமாஸ்தா தலையை நீட்டி மைத்துனரைக் கூப்பிட்டார்.

"சார், தினம் வந்து கெஞ்சுனீங்களே, உங்க அத்தானோட ஆஸ்பெஸ்டாஸ் கேஸு, அதை ஐயாவே எடுத்துக்கறாராம்; நீங்க கேட்டுக்கிட்டபடி அத்தான் காதுக்கு விஷயம் போகாதாம்."