மொச்சைக்காரர் கவிழ்த்த வண்டிகள்

கொடைக்கானல் மலை ரோட்டில் மொச்சைக்காரர் அளவுக்கு வண்டிகளைக் கவிழ்த்தவர் அந்த நாளில் யாரும் இல்லை. ஒரே மழைக்காலத்தில் பஸ், லாரி என்று நூறு வண்டியாவது பள்ளத்தில் தள்ளியிருப்பார். நிஜத்தில் ஒரு வண்டிக்கும் கீறல் கிடையாது. ஆனாலும் டிரைவர்கள் அவரைக் கண்டால் நடுங்கினார்கள். நானும்தான்.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். மண் சரிந்து, ஒரு பர்லாங்கு தூரத்துக்கு ஒரே ஒரு வண்டி போகிற அகலம்தான் ரோட்டில் மிச்சம். இரண்டு முனையிலும் கொடிக்காரர்கள் இருந்தோம். கீழ்முனை எனக்கு. மேலிருந்து வண்டி இறங்கும்போது, ஏறுகிற வண்டிகளைச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்துவேன். நிற்க மூன்று வண்டிக்குத்தான் இடம். நாலாவது வந்தால் பின்னால் வளைவில்தான் நிற்கவேண்டும். அப்புறம் இறங்குகிற வண்டிக்கு வளைவில் திரும்ப வழியில்லை, மோதி இரண்டும் பள்ளம்தான்.

எங்கள் ஓவர்சியர் கவலைப்படவில்லை. "சராசரி பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுதானய்யா வருது. நாலு எங்க சேரப்போகுது?" என்றார்.

வண்டிகளை எண்ணுவதற்காக இலாகா அனுப்பிய மனிதர்தான் மொச்சைக்காரர். "பத்து பத்து நிமிஷமா வர்றதுக்கு அது என்ன கோயில் மணியாங்க? பந்திக்கு ஆள் வர்ற மாதிரி வரும். ஒருத்தரும் இருக்கமாட்டாங்க, திடீர்னு கும்பலா வந்து நிப்பாங்க" என்றார். ஓவர்சியர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மனிதர் விடவில்லை. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் எத்தனை நிமிஷம் என்று இரண்டு மாதம் குறித்தார். ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரு மொச்சை. அதன் மேல் மையில் நிமிஷத்தை எழுதிப் பானையில் போட்டார். ஒன்று, இரண்டு என்று எழுதியவைதான் ஏராளம். நாற்பது, ஐம்பது ஏதோ சில. பாய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடி ஒரு மொச்சை எடுப்பார். அதில் உள்ள நிமிஷப்படி ஒரு தீப்பெட்டியை நகர்த்துவார். மொச்சை பானைக்குத் திரும்பிவிடும். பெஞ்சின் விளிம்புதான் பள்ளம். நாலு தீப்பெட்டி சேர்ந்திருக்கும்போது மேலிருந்து ஒன்று இறங்கிவிட்டால், அதையும் நாலாவதையும் விரலால் சுண்டிவிடுவார். "போச்சு, உருளைக்கிழங்கு லாரி" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதிக்கொள்வார்.

"ஏன் சார், இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு எவன் டீ குடிப்பான்?" என்று பாய் புலம்புவார்.

ஒரு டிரைவர் வெள்ளனே வந்து கேட்டார். "ஐயா, இன்னைக்கு நம்ம வண்டி எப்படிங்க?"

"ரெண்டு தடவை விழுந்துச்சு."

அந்த ஆள் லீவு போட்டுவிட்டுப் பழனிக்கு மொட்டை போடப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அய்யம்பாளையத்திலிருந்து கடுதாசி வந்தது. தாய் வீட்டில் பிள்ளை பெற்ற என் மனைவி, மூன்று மாதக் குழந்தையோடு புதன்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறாளாம். இரண்டு நாள் பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் அந்த பஸ் எப்படி என்று கேட்டுவிட்டேன்.

மொச்சை எடுத்தார், நகர்த்தினார். பஸ் நாலாவதாக வந்து நின்றது. மேலிருந்தும் ஒன்று இறங்கியது. அவர் சுண்டவில்லை. பஸ் தீப்பெட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்கு அவர் சுண்டியே இருக்கலாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் மூடுபனி. என் கொடிக்கு முன்னால் மூன்று லாரிகள் நின்றன. மூன்றாவதுக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை. கீழே பஸ் முனகி ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதே நேரம் மேலிருந்து உருளைக்கிழங்கு லாரி இறங்கி என்னைத் தாண்டி வளைவுக்குள் போனது. கையைக் காட்டிக் கத்தினேன். டிரைவர் காதில் விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் வரவில்லை.

காத்திருந்த லாரிகளை அனுப்பிவிட்டு ஓடினேன். வளைவில் பள்ளத்துப் பக்கம் லாரி டயரின் தடம் ஈரமாகக் கிடந்தது. நாலாவது வண்டி நிற்கவேண்டிய இடம் அது. அதற்கும் கீழே, ரோடு அகலமான இடத்தில், மொச்சைக்காரர் குடையை விரித்துக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே பஸ். லாரி ஒதுங்கித் தாண்டிப் போயிருந்தது.

"வெரசா நகருங்கய்யா, சோலி கெடக்கு" என்று டிரைவர் அதட்டினார்.

ஜன்னலில் என் மனைவி. "ஏங்க, யாருங்க இந்தக் கிறுக்கன்? இப்பத்தான் பிள்ளை கண் அசந்துச்சு. மறிச்சு நிறுத்தி எழுப்பி விட்டுட்டாரு."

குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. மொச்சைக்காரர் நகரவே இல்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "எத்தனையோ தடவை கவிழ்த்திருக்கேன் தம்பி. ஒரு தடவைகூட உள்ள பிள்ளை அழுததில்ல."

குடையை வாங்கி மடக்கினேன். அவர் கையைப் பிடித்து ஓரமாக அழைத்து வந்தேன். பஸ் ஏறி மறைந்தது. அதற்குப் பிறகும் கையை விடத் தோன்றவில்லை.